மின்சார ஃபில்லட் கத்தி: மீன் ஆய்வதற்கு ஏற்றதைத் தேர்வு செய்தல்

மின்சார ஃபில்லட் கத்தி என்பது மீனின் சதையை நடுமுள்ளிலிருந்தும் தோலிலிருந்தும் பிரித்தெடுக்க உதவும், மோட்டாரால் இயங்கும் கத்தியாகும். முள்ளும் தோலும் நீக்கிய சதைத்துண்டுக்கு ஃபில்லட் என்று பெயர். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரி, ஆறுகளில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்கு. ஒரு குழுவாகப் பிடித்த இருபது முப்பது மீன்களை அன்று மாலையே ஆய்ந்து முடிக்க வேண்டியிருப்பதால் இந்தக் கத்தி அங்கே பரவலாயிற்று.

பழகிய கையில் இக்கத்தி ஒரு மீனை ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடும். அதே வேகத்தில் சதையை வீணாக்கவும் விரலை வெட்டவும் அதனால் முடியும். அதனால் எது அதிக ஆற்றல் உள்ளது என்று பார்த்து வாங்குவதைவிட, எந்த மீன், எத்தனை மீன், எந்த இடத்தில் ஆயப்படும் என்ற மூன்றையும் பார்த்து வாங்குவதே சரியான முறை.

இயங்கும் விதம்

இக்கத்தியில் ஒன்றோடொன்று ஒட்டியபடி இரண்டு பிளேடுகள் உள்ளன. கைப்பிடிக்குள் இருக்கும் மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் மையத்திலிருந்து விலகி அமைந்த இரண்டு முனைகள் அந்தச் சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றுகின்றன. ஒரு பிளேடு முன்னால் போகும்போது மற்றது பின்னால் வருகிறது.

இந்த எதிரெதிர் அசைவுதான் கத்தியின் அடிப்படை. ஒரே பிளேடு முன்பின் ஓடினால் மென்மையான மீன் சதையும் அதனுடன் சேர்ந்து இழுபடும். இரண்டு பிளேடுகள் எதிர்த்திசையில் ஓடும்போது இழுப்பு ஒன்றையொன்று சமன் செய்கிறது. சதை இருந்த இடத்திலேயே இருக்க, வெட்டு மட்டும் நடக்கிறது. கையால் அறுக்கும் அசைவு தேவையில்லை. கத்தியை வழிநடத்தினால் போதும்.

பிளேடுகளின் ஓரம் ரம்பப் பல் போல அமைந்திருக்கும். மீன் தோலும் சிறு விலா முட்களும் இந்தப் பல்லுக்கு எளிதில் அறுபடுகின்றன.

தோற்றம்

வறுத்த வான்கோழியையும் பெரிய இறைச்சித் துண்டுகளையும் சீவுவதற்கான மின்சாரக் கத்தி 1960களில் அமெரிக்க வீடுகளில் பரவியது. அதே இரட்டைப் பிளேடு முறையை மீனுக்கு ஏற்றபடி மாற்றியதே இன்றைய ஃபில்லட் கத்தி. ஈரக் கையில் வழுக்காத கைப்பிடி, சற்று வளையும் மெல்லிய பிளேடு, தொடர்ந்து ஓடினாலும் தாங்கும் மோட்டார், படகு பேட்டரியில் இயங்கும் வசதி ஆகியவை இதன் மாற்றங்கள். ராப்பாலா, பப்பா, அமெரிக்கன் ஆங்கிளர், மிஸ்டர் ட்விஸ்டர் போன்ற பெயர்களில் இவை விற்கப்படுகின்றன.

கைக்கத்தியோடு ஒப்பீடு

கைக்கத்தியால் ஃபில்லட் எடுப்பவர் கண்ணைவிட விரலையே அதிகம் நம்புகிறார். பிளேடு நடுமுள்ளில் உரசும்போது மெல்லிய அதிர்வு கைக்குத் தெரிகிறது. விலா முள்ளின் மேல் ஏறும்போது தடை கூடுகிறது. அந்தத் தடையை உணர்ந்து கத்தியின் சாய்வை மாற்றுவதால் சதை முள்ளில் தங்குவதில்லை.

மோட்டார் ஓடும்போது அதன் சொந்த அதிர்வே கையை நிறைத்துவிடுகிறது. விலா முள்ளைக் கத்தி தடையே இல்லாததுபோல் அறுத்துச் சென்றுவிடும். நடுமுள்ளை விட்டு அரை சென்டிமீட்டர் விலகி ஓடினாலும் கைக்கு எதுவும் தெரியாது. மீனைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் முள்ளோடு தங்கிய சதை கண்ணில் படும்.

இந்த இழப்பு சிறியதாகத் தோன்றலாம். 250 கிராம் எடையுள்ள 20 மீன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 கிலோ. இதில் 40 விழுக்காடு ஃபில்லட்டாகத் தேறினால் 2 கிலோ கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் 10 கிராம் சதை கூடுதலாக முள்ளில் தங்கினால், 40 பக்கங்களுக்கு 400 கிராம் போய்விடும். கிடைக்க வேண்டிய சதையில் இது ஐந்தில் ஒரு பங்கு.

ஆகவே அனுபவமுள்ள பலர் இரண்டையும் வைத்துக்கொள்கின்றனர். சதையைப் பக்கவாட்டில் எடுப்பதும் தோலை உரிப்பதும் மின்சாரக் கத்தியின் வேலை. விலா முட்களைச் சீவி எடுப்பது 15 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கைக்கத்தியின் வேலை. மின்சாரக் கத்தி வாங்கியவுடன் கைக்கத்தியைத் தூக்கிப்போடத் தேவையில்லை.

மீனுக்கு ஏற்ற பிளேடு

பிளேடின் நீளம், வளையும் தன்மை, பல்லின் நெருக்கம் ஆகிய மூன்றும் மீனைப் பொறுத்தவை.

சிறிய ஏரி மீன்கள்: புளூகில், கிராப்பி, மஞ்சள் பேர்ச் போன்றவை உள்ளங்கை அளவிலிருந்து சற்றுப் பெரிதாக இருக்கும். இவற்றுக்கு 15 செ.மீ. பிளேடு போதும். நீண்ட பிளேடு இந்த மீன்களின் மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் முனை எங்கே இருக்கிறது என்பதில் கவனம் தவறும்.

நடுத்தர மீன்கள்: வால்ஐ, பாஸ், சிறிய கெளுத்தி போன்றவற்றுக்கு 18 முதல் 20 செ.மீ. வரையிலான, ஓரளவு வளையும் பிளேடு ஏற்றது. ஒரே பிளேடு இணை மட்டும் வாங்குவோருக்கு இந்த அளவே பொதுவான தேர்வு.

பெரிய மீன்கள்: சால்மன், பெரிய ஏரி டிரவுட், கடல் மீன்கள் ஆகியவற்றுக்கு 23 செ.மீ. அல்லது அதற்கும் நீண்ட, வளையாத பிளேடு தேவை. பிளேடு மீனின் அகலத்தைவிடக் குறுகியதாக இருந்தால் ஒரே வீச்சில் வெட்ட இயலாது. இருமுறை வெட்டிய இடத்தில் சதை பிய்ந்து படிப்படியாகத் தெரியும்.

வளையும் பிளேடு நடுமுள்ளின் வளைவை ஒட்டிச் செல்லும். தோல் உரிக்கவும் நல்லது. ஆனால் தடித்த மீனில் அது திசை மாறி அலையும். வளையாத பிளேடு நேராகச் செல்லும். மெல்லிய மீனில் சதையை விட்டுவிடும். பல்வேறு அளவு மீன்களைப் பிடிப்பவர்கள் இரண்டு அல்லது மூன்று பிளேடு இணைகளோடு வரும் தொகுப்பை வாங்குவது பயன் தரும்.

எந்தப் பிளேடாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. சில மீன்களில் விலா முட்களைத் தவிர, சதைக்குள்ளேயே ஒய் வடிவ முட்கள் தனியாக ஓடுகின்றன. வட அமெரிக்காவின் பைக் மீன் இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு. மின்சாரக் கத்தி இந்த முட்களை அகற்றுவதில்லை. துண்டாக்கி சதைக்குள்ளேயே விட்டுவிடும். துண்டான சிறு முள்ளைச் சாப்பிடும்போது கண்டுபிடிப்பது முழு முள்ளைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். குழந்தைகளும் முதியவர்களும் சாப்பிடும் வீட்டில் இது கவனிக்க வேண்டிய செய்தி.

மின்சாரம் வரும் வழி

இக்கத்திகள் மூன்று வகையில் கிடைக்கின்றன. மீன் எங்கே ஆயப்படுகிறது என்பதே இவற்றுள் எது வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வயர் உள்ளவை: வீட்டு மின்சாரத்தில் இயங்கும். மின்சாரம் இருக்கும் வரை ஓடும், எடை குறைவு, விலையும் பொதுவாகக் குறைவு. கொல்லைப்புறத்திலோ படகுத்துறையில் உள்ள மீன் ஆயும் மேடையிலோ வேலை செய்பவருக்கு இது போதுமானது. நீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்வதே இதன் குறை. மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி உள்ள பிளக்கில் மட்டுமே இதைச் செருக வேண்டும். இந்திய வீடுகளில் ஆர்.சி.சி.பி. என்று அழைக்கப்படும் 30 மில்லி ஆம்பியர் கருவி இந்த வேலையைச் செய்கிறது.

படகு பேட்டரியில் இயங்குபவை: 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் கவ்விகளை மாட்டி இயக்கலாம். கரைக்கு வருமுன் அல்லது மின்சாரம் இல்லாத முகாமில் உதவும். படகின் இன்ஜினை இயக்கும் பேட்டரியிலேயே நீண்ட நேரம் ஓட்டினால், கடைசியில் இன்ஜின் கிளம்பாமல் போகலாம்.

பேட்டரி உள்ளவை: லித்தியம் அயனி பேட்டரி கைப்பிடியிலேயே பொருந்தும். எங்கும் கொண்டு செல்லலாம்; வயர் காலில் தட்டாது. விலை அதிகம், எடையும் சற்றுக் கூடுதல். எவ்வளவு நேரம் ஓடும் என்பதை விளம்பரத்தை நம்பாமல் கணக்கிட்டுப் பார்க்கலாம். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். 12 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் 24 வாட்-மணி உள்ளது. கத்தி சராசரியாக 60 வாட் எடுத்துக்கொண்டால் அது 24 நிமிடம் ஓடும். 18 வோல்ட், 3 ஆம்பியர்-மணி பேட்டரியானால் 54 நிமிடம் கிடைக்கும். விசையை அழுத்தும் நேரம் மட்டுமே கணக்கில் வருவதால் இருபது மீனுக்கு முதலாவதே பெரும்பாலும் போதும்.

கடும் குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறையும். உறைந்த ஏரிமேல் துளையிட்டு மீன் பிடிப்பவர்கள் பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது.

கைப்பிடி, விசை, மோட்டார்

கடையில் கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்.

பிடி: மீன் கொழுப்பும் நீரும் படிந்த கையிலும் வழுக்காத ரப்பர் போன்ற பிடி தேவை. பிளேடுக்கும் விரலுக்கும் இடையே தடுப்பு இருக்க வேண்டும்.

விசை: விரலை எடுத்தவுடன் பிளேடு நிற்க வேண்டும். அழுத்தாமலே ஓடும்படி பூட்டி வைக்கும் வசதி சில கத்திகளில் உண்டு. அது விரல் வலியைக் குறைக்கும். ஆனால் கத்தி கைநழுவி விழுந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். புதியவருக்கு அந்த வசதி இல்லாததே நல்லது. தவறுதலாக அழுத்தினாலும் இயங்காதபடி தடுக்கும் பூட்டு இருப்பது கட்டாயம்.

மோட்டார்: வேகத்தைவிட முறுக்குவிசையே முக்கியம். தோலும் விலா முள்ளும் ஒன்றாக எதிர்ப்படும்போது வேகம் குறையாமல் ஓட வேண்டும். அந்த இடத்தில் மோட்டார் திணறினால் கையால் அழுத்தத் தோன்றும். அழுத்தும்போதுதான் கத்தி வழுக்குகிறது. கைப்பிடியில் காற்றோட்டத் துளைகள் உள்ளனவா, அவை கை மூடும் இடத்தில் இல்லாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மாற்றுப் பிளேடு: ரம்பப் பல் உள்ள பிளேடுகளை வீட்டுச் சாணைக்கல்லில் தீட்ட இயலாது. மழுங்கினால் மாற்றத்தான் வேண்டும். அந்த மாதிரிக்கான பிளேடு தனியாகக் கிடைக்காவிட்டால், நல்ல மோட்டாரும் சில ஆண்டுகளில் பயனற்றுப் போகும்.

கையுறை பற்றிய தவறான நம்பிக்கை

மீன் ஆய்வோர் வெட்டுத் தாங்கும் கையுறை அணிவது நல்ல பழக்கம். கைக்கத்திக்கு அது உண்மையான பாதுகாப்பு. ஆனால் ஐரோப்பாவின் ஈஎன் 388 போன்ற தர அளவுகளில் சோதிக்கப்படும் கையுறைகள் மோட்டாரால் ஓடும் ரம்பப் பிளேடுக்கு எதிராக உறுதி அளிப்பவை அல்ல. அத்தகைய பிளேடுகளுக்கு இவற்றை நம்ப வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பதுண்டு. ஓடும் பல்லில் நூல் சிக்கிக் கை இழுபடும் வாய்ப்பும் இருக்கிறது.

மீன் வழுக்காமல் பிடிக்கக் கையுறை உதவும். விரலைக் காப்பது கை இருக்கும் இடமே. மீனைப் பிடிக்கும் கை எப்போதும் பிளேடு செல்லும் திசைக்குப் பின்னால் இருக்க வேண்டும். தோல் உரிக்கும்போது வால் முனையை விரலால் பிடிப்பதற்குப் பதிலாக முள்கரண்டி அல்லது கவ்வியால் பலகையோடு அழுத்திப் பிடிக்கலாம்.

பயன்படுத்தும் முறை

மீனைப் பனிக்கட்டியில் நன்கு குளிரவைத்த பிறகே தொடங்க வேண்டும். குளிர்ந்த சதை இறுகி இருப்பதால் பிய்யாமல் வெட்டுப்படும், கெட்டுப்போவதும் தாமதமாகும்.

1. மீனைப் பலகையில் பக்கவாட்டில் கிடத்தி, செவுளுக்கும் மார்புத் துடுப்புக்கும் பின்னால் பிளேடை வைக்க வேண்டும். வைத்த பிறகே விசையை அழுத்த வேண்டும்.

2. நடுமுள்ளைத் தொடும் வரை கீழே வெட்டி நிறுத்த வேண்டும். நடுமுள்ளையே அறுத்துவிடாமல் இருப்பது பழகவேண்டிய முதல் பாடம்.

3. பிளேடை வால் பக்கம் திருப்பி, நடுமுள்ளின் மேல் படிந்தபடி மெதுவாக நகர்த்த வேண்டும். விலா முட்கள் தாமே அறுபடும்.

4. வாலுக்குச் சற்று முன்பே நிறுத்தி, சதையை வாலோடு ஒட்டியபடியே மறுபுறம் புரட்ட வேண்டும். தோல் இப்போது பலகையில் படிந்திருக்கும்.

5. தோலுக்கும் சதைக்கும் இடையே பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து நகர்த்தினால் சதை தனியாக வந்துவிடும்.

6. கத்தியை நிறுத்தி வைத்துவிட்டு, கைக்கத்தியால் விலா முட்களைச் சீவி எடுக்க வேண்டும். சதையின் நடுக்கோட்டில் விரலால் தடவி, மீதமுள்ள சிறு முட்களையும் நீக்க வேண்டும்.

இந்த முறையில் செதில் நீக்கவோ குடல் எடுக்கவோ முன்கூட்டித் தேவையில்லை. பிளேடு குடலில் பட்டுவிட்டால் சதையை உடனே குளிர்ந்த நீரில் அலசி, துடைத்து, பனியில் வைக்க வேண்டும்.

வட அமெரிக்காவின் பல பகுதிகளில், பிடித்த மீனின் இனத்தையும் அளவையும் அதிகாரிகள் சரிபார்க்கும்படி, நீர்நிலையில் இருக்கும்போதே ஃபில்லட் எடுக்கத் தடை உண்டு. அல்லது தோலின் ஒரு பகுதியை ஃபில்லட்டில் விட்டுவைக்க விதி உண்டு. கத்தியின் வேகத்தில் இவ்விதியை மறந்தால் அபராதம் கட்ட நேரும்.

பராமரிப்பு

பிளேடைக் கழற்றும் முன் வயரைப் பிடுங்க வேண்டும் அல்லது பேட்டரியை எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான இணைகளில் ஒரு பிளேடின் முனையருகே உள்ள குமிழ் மற்றதன் துளையில் மாட்டியிருக்கும். இரண்டையும் பிரித்து, சோப்பு கலந்த வெந்நீரில் தனித்தனியே கழுவ வேண்டும். இடையில் தங்கும் சதைத் துணுக்கு நாறுவதோடு அடுத்த மீனுக்கும் கிருமியைக் கடத்தும். துருப்பிடிக்காத எஃகானாலும் உப்புநீர் பட்டால் உடனே நல்ல நீரில் அலசி உலர்த்த வேண்டும். மோட்டார் உள்ள கைப்பிடியை நீரில் முக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒரு இணையின் பிளேடை வேறொரு இணையோடு சேர்த்து மாட்டக் கூடாது.

தமிழ்நாட்டுச் சமையலுக்கு ஏற்றதா?

இணையக் கடைகளில் இக்கத்தியைப் பார்க்கும் தமிழ்நாட்டு வாசகர், வாங்குமுன் தம் வீட்டுச் சமையலை நினைத்துப் பார்ப்பது நல்லது. குழம்புக்கும் வறுவலுக்கும் இங்கே மீனைக் குறுக்கே, நடுமுள்ளோடு துண்டு போடுவதே வழக்கம். வஞ்சிரத்தைத் துண்டு போட நடுமுள்ளை வெட்ட வேண்டும். அது மெல்லிய ஃபில்லட் பிளேடின் வேலை அன்று. மீன் கடைக்காரரின் கனத்த கத்தியோ அரிவாள்மனையோ அதைச் செய்யும். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களுக்கும் இது தேவைப்படாது.

கட்லா, ரோகு போன்ற கெண்டை இன மீன்களின் சதைக்குள் பைக் மீனைப் போலவே ஒய் வடிவ முட்கள் உண்டு. அவற்றை ஃபில்லட்டாக எடுத்தாலும் முள்ளில்லாத துண்டு கிடைக்காது. மாறாக, கொடுவா, திலேப்பியா போன்றவற்றை ஃபிஷ் ஃபிங்கருக்கோ கட்லெட்டுக்கோ அடிக்கடி, அதிக அளவில் ஃபில்லட் எடுக்கும் உணவகத்துக்கும் சிறு தொழிலுக்கும் இது பயன்படும்.

மின் அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இந்தியாவில் 230 வோல்ட். அங்கிருந்து உறவினர் வாங்கி வரும் வயர் உள்ள கத்தியை இங்கே நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். பேட்டரி கத்தியின் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் சிக்கலில்லை. விமானத்தில் கொண்டுவரும்போது பிளேடுகள் சரக்குப் பெட்டியிலும், தனியாகக் கழற்றிய லித்தியம் பேட்டரி கைப்பையிலும் இருக்க வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட மீன்களை ஆய வேண்டிவருகிறதா? அவற்றை ஃபில்லட்டாகத்தான் சமைக்கிறார்களா? அந்த மீன்களின் அகலத்துக்கு எவ்வளவு நீளப் பிளேடு வேண்டும்? ஆயும் இடத்தில் பாதுகாப்பான மின் இணைப்பு உண்டா? அந்த மாதிரிக்கு மாற்றுப் பிளேடு கிடைக்குமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ‘இல்லை’ என்றால், நன்கு தீட்டிய ஒரு மெல்லிய கைக்கத்தியே போதும். விடை ‘ஆம்’ என்றாலும், முதல் சில மீன்களைக் கைக்கத்தியால் ஆய்ந்து பழகுவது நல்லது. முள் எங்கே இருக்கிறது என்பதை விரல் அறிந்த பிறகு, மோட்டாரின் வேகம் உதவியாக அமையும்.